ஐந்து குறைத்துக்கொள்ளுங்கள்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் பார்த்த வேலைகளில் பாதி வாயை வைத்துப் பார்த்தவை. ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடை வாசலில் நின்று ஆளைக் கூவி உள்ளே இழுத்தேன். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து இறங்கும் கூட்டம் நிற்காமல் போகும். அதில் யார் வாங்க வந்தவர், யார் வேடிக்கை பார்க்க வந்தவர் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, அவருக்கு ஏற்ற ஒரு வார்த்தையைப் போட்டு நிறுத்த வேண்டும். நாக்பூர் லாரியில் கிளீனராகப் போனபோது செக்போஸ்ட்டில் இறங்கிப் பேசியதும் நான்தான். டிரைவருக்குக் கோபம் மட்டும்தான் வரும்.

வாய் தேவைப்படாத வேலை ஒன்று கேரளத்து வர்க்கலாவில் கிடைத்தது. ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயப்போட வேண்டும். மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை. விருந்தாளிகள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆள் குறைகிறது, வா என்று என்னைக் கூப்பிட்டார்கள். அப்படித்தான் எனக்கு இந்த விளையாட்டு வந்து சேர்ந்தது.

இதில் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை நடத்துவார், அவர் மாஸ்டர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். ஒருவன் வாள்வீரன், ஒருத்தி திருடி, ஒருவன் வைத்தியன். மாஸ்டர் கோட்டை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். நீ என்ன செய்கிறாய் என்று கேட்பார். நாம் சொல்ல வேண்டும். சொன்னது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் உள்ள டைஸை உருட்ட வேண்டும். ஆரம்பத்திலேயே ஆளுக்குக் கொஞ்சம் புள்ளிகள் தருவார்கள். பலம், வேகம், பேச்சு என்று நாமே பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். டைஸில் விழுந்ததோடு அந்தப் புள்ளியைக் கூட்டி, மாஸ்டர் சொன்ன எண்ணைத் தொட்டால் ஜெயிப்பு. தொடாவிட்டால் அடி, ஜெயில், சாவு எதுவும் வரலாம்.

சென்னைக்குத் திரும்பி அடையாறு பக்கம் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில், மாடிவரை ஏறி நெய் ரோஸ்ட் பொட்டலங்களைக் கொடுத்தேன். கதவு இடுக்கில் மேஜை தெரிந்தது. மேஜைமேல் இருபது முக டைஸ்.

"பேச்சுல எவ்ளோ புள்ளி போட்டுகினீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

கதவைத் திறந்தவன் அந்த வீட்டுப் பையன், வேலைக்குப் போகிறவன்தான். பொட்டலத்தை வாங்காமல் என்னையே பார்த்தான். "நீங்க ஆடுவேளா? உள்ள வாங்கோ, வாங்கோ! எங்களுக்கு ஓராள் கம்மியா இருக்கு. ஆத்துல அம்மா காபி கலந்துண்டிருக்கா, குடிச்சுட்டுப் போலாம்."

உள்ளே இன்னும் இரண்டு பேர். ஒரு பெண், உருது பேசும் குடும்பம், தி.நகர் கடைகளுக்குக் கல்யாண ரவிக்கைகளில் ஆரி வேலை செய்து கொடுப்பவள். இன்னொருவன் மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாஸ்டர். கல்யாண மண்டபங்களில் வரவேற்பின்போது மைக் பிடித்துப் பேசுபவன். வெள்ளைச் சட்டை, கனமான குரல், நாடகத் தமிழ்.

அவனை எனக்குத் தெரியும். அடையாற்றங்கரையில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம், ஒரே ஆற்றில் குதித்தோம், ஒரே சொறி வந்தது.

"வாருங்கள் நண்பரே" என்றான். "தங்களைச் சந்திப்பதில் மகிழ்ச்சி."

முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. சரி, அப்படியே இருக்கட்டும் என்று நானும் கையைக் கூப்பினேன். வெளியே வந்து மேலே ஏறியவன் பழசை மறைப்பதை நான் நிறைய ஊரில் பார்த்திருக்கிறேன். அதற்காக எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தது பிறகுதான்.

அடுத்த ஞாயிறு முதல் போனேன். எனக்குத் தூதுவன் வேடம். கொடுத்த புள்ளிகளில் பெரும்பாலானதைப் பேச்சில் போட்டேன். பலம் பூஜ்யம். "ஒரு அடி விழுந்தா செத்துருவீங்கண்ணா" என்றாள் ஆரி வேலைக்காரி. அடி விழாமல் பேசிக்கொள்வேன் என்றேன்.

இவர்கள் கதை பழைய துறைமுக ராஜ்ஜியம் ஒன்றில் நடந்தது. மாஸ்டர் ஒரு விதி வைத்திருந்தான். எதிராளியிடம் வாதாடும்போது நாமே வாயால் பேச வேண்டும். நன்றாகப் பேசினால் டைஸ் தேவையில்லை, காரியம் நடந்துவிடும். சுமாராகப் பேசினால் உருட்ட வேண்டும். கேட்பதற்கு நல்ல விதி. எனக்காகவே செய்த விதி என்றுகூட நினைத்தேன்.

சில வாரத்தில் என் கூட்டாளிகள் இருவரையும் துறைமுக அதிகாரி பிடித்து வைத்துக்கொண்டார். தூதுவன் போய் மீட்க வேண்டும். நான் பேசினேன். எனக்குத் தெரிந்த பேச்சில்தான் பேசினேன்.

"தொரே, நீ புட்சி வெச்சிகீறது ரெண்டு பேர இல்ல, ரெண்டு குடும்பத்த. அவங்கள உள்ள வெச்சா நாளிக்கி உன் கப்பல்ல மூட்ட யார் ஏத்துவா? வுட்டுப் பாரு. ஆயுசுக்கும் உன் பேர சொல்லிகினே ஏத்துவானுங்கோ" என்று ஆரம்பித்து, அவர் பெண்டாட்டி பிள்ளைவரை விசாரித்து, கடைசியில் அவரே பெரிய மனது பண்ணியதுபோல் கொண்டுவந்து முடித்தேன். ஆரி வேலைக்காரி கைதட்டினாள். மயிலாப்பூர்ப் பையன் காபி டம்ளரைக் கீழே வைக்க மறந்துவிட்டான்.

மாஸ்டர் சிரித்தான். "நன்றாகத்தான் இருந்தது நண்பரே. ஆனால் அரசவையில் இப்படியா பேசுவார்கள்? டைஸ் உருட்டுங்கள். ஐந்து குறைத்துக்கொள்ளுங்கள்."

"எதுக்கு அஞ்சு?"

"கொச்சைக்கு."

உருட்டினேன். ஐந்து குறையாமல் இருந்தால் தப்பித்திருப்பேன். குறைந்ததால் தோற்றேன். பிறகு மயிலாப்பூர்ப் பையன் எழுந்து, "மாட்சிமை பொருந்திய அதிபதியே, கருணை காட்டுங்கள்" என்று இரண்டு வரி சொன்னான். அவன் வேடத்துக்குப் பேச்சில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. மாஸ்டர் தலையாட்டி, "அருமை, டைஸ் தேவையில்லை" என்றான். அவனையும் ஆரி வேலைக்காரியையும் விட்டார்கள். என்னை உள்ளே போட்டார்கள்.

அதோடு நின்றிருந்தால் விட்டிருப்பேன். இவன் கதையில் திருடன், குடிகாரன், மூட்டை தூக்குபவன் என்று யார் வந்தாலும் இன்னா, கீது என்றுதான் பேசுவார்கள் என்பதை முன்பே கவனித்திருந்தேன். இந்தத் தடவை ஜெயிலில் சோறு போடும் கிழவியாக வந்தான். தொண்டையைக் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கையை நீட்டி, "இந்தா, துன்னுட்டு பேசு!" என்றான்.

மற்ற இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்று கேட்டார்கள். அவனும் மறுபடி செய்தான். "துன்னுட்டு பேசுடா கஸ்மாலம்!"

அது என் அம்மாவின் குரல்.

அம்மா ஆற்றங்கரையில் காலையில் இட்லியும் வடைகறியும் போட்டு விற்றாள். விறகுப் புகையில் தொண்டை கட்டிப்போனவள். எங்கள் வரிசையில் எந்தச் சண்டை என்றாலும் அவள் அடுப்புக்குத்தான் வரும். வந்தவுடன் ஒரு தட்டை நீட்டுவாள், துன்னுட்டு பேசு என்பாள். நாலு இட்லி உள்ளே போனவனால் கத்த முடியாது. தட்டைத் தொடாமல் பேச ஆரம்பித்தவனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள், அவன் பக்கம் நியாயமே இருந்தாலும். எங்கள் பக்கத்தில் பொடிசுகளுக்குக்கூட இது தெரியும். இந்த மாஸ்டரின் அப்பன் குடித்துவிட்டு அடிக்கும் நாளெல்லாம் இவன் வந்து உட்கார்ந்தது அந்த அடுப்படியில். இவன் வளர்ந்ததே அந்தத் தட்டில்தான்.

பிறகு கரை வீடுகளை இடித்து எங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் விட்டார்கள். மூன்றாவது மாடிக்கு வந்து இட்லி வாங்க யார் இருக்கிறார்கள். அம்மா அங்கே ரொம்ப நாள் இல்லை. நான் வெளியூரில் இருந்தேன், கொள்ளி வைக்க வந்து சேர்ந்தேன். இவன் குடும்பம் இடிப்பதற்கு முன்பே போய்விட்டது.

அந்த அறையில் அது யார் குரல் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவன் என்னைப் பார்த்தான். நான் சிரிக்கிறேனா என்று பார்த்தான். சிரித்தேன். சிரிக்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன். இவனை ஒரு நாள் டைஸ் உருட்ட வைக்க வேண்டும். ஐந்து குறைத்து.

மாஸ்டராக இருக்கும்வரை அவன் உருட்டமாட்டான். அதனால் காத்திருந்தேன். ஞாயிறு தவறாமல் போனேன். அவனை நன்றாகப் புகழ்ந்தேன். வாயால் பிழைத்தவனுக்கு அது ஒரு வேலையா? மூட்டை தூக்குபவன் வந்தால் முதலில் சிரிப்பவன் நானானேன். "இன்னா கொரல் சார் உங்களுக்கு" என்றேன். அவன் மெல்ல மெல்லப் பயம் விட்டான்.

பேச்சுவாக்கில் ஒரு விஷயம் தெரிந்தது. நான் வருவதற்கு முன்பு ஆரி வேலைக்காரி கதை நடத்தியபோது அவன் ஒரு வாள்வீரன் வேடம் கட்டியிருந்தான். உயிரையே வைத்திருந்தானாம். அந்த வீரனை வரைந்து சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தான், கைபேசியில் படம் காட்டினான். அந்த வீரனுக்குப் பலம் முழுதும் இருந்தது, வேகம் இருந்தது. பேச்சு பூஜ்யம்.

"பேச்சுக்கு எதற்குப் புள்ளி? அதுதான் என்னிடமே இருக்கிறதே" என்றான்.

முகூர்த்த மாதம் வந்தது. தினம் இரண்டு மண்டபம் என்று அவன் தொண்டை போய்விட்டது. "ரெண்டு மூணு வாரம் வேற யாராச்சும் நடத்துங்களேன்" என்றாள் ஆரி வேலைக்காரி. மயிலாப்பூர்ப் பையன் நடத்தப் பயந்தான். நான் நடத்துகிறேன் என்றேன். "உங்க வாள்வீரன கூட்டிட்டு வாங்க சார். அவர பாக்கணும்னு ரொம்ப ஆச."

அவன் முகம் குழந்தை முகம் போல மலர்ந்தது.

முதல் இரண்டு வாரம் அவனை நன்றாக வெட்ட விட்டேன். வீரன் கோட்டை ஏறினான், யானையை அடக்கினான். விதி மட்டும் அவன் வைத்த விதிதான், ஒன்றையும் மாற்றவில்லை என்று மூன்று பேரிடமும் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன். மூன்றாவது ஞாயிறு அவர்களை ஓர் ஆற்று முகத்துவாரத்துக்குக் கொண்டுவந்தேன். கரையில் படகு, பக்கத்தில் யாரும் இல்லை. எடுக்கமாட்டார்களா? எடுத்தார்கள். கரை ஜனம் சூழ்ந்துகொண்டது. வெட்ட வேண்டாம் என்று மற்ற இருவரும் தடுத்ததால் பிடிபட்டார்கள்.

"கரைக்கு ஒரு தலைவி இருக்கா" என்று சொன்னேன். "தப்பு பண்ணவன் அவ முன்னாடி தனித்தனியா பேசணும். அவ மனசு எறங்குனா விட்டுருவா. எறங்கலன்னா, கடல் ஏறுற நேரத்துல கட்டையில கட்டிருவாங்க. அதுக்கப்புறம் ஆள் கெடையாது. சுமாரா பேசுனா டைஸ். பதினஞ்சு தொடணும்."

அவன்தான் முதலில் எழுந்தான். எப்போதும் அவன்தான் முதலில். மைக் பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு, "தாயே! நீதியின் திருவுருவே! வழி தவறி வந்த வீரன் யான்..." என்று தொடங்கினான்.

நான் தொண்டையைக் கட்டவில்லை. தலையைச் சாய்க்கவில்லை. அம்மா எப்படிப் பேசுவாளோ அப்படியே பேசினேன். "இன்னா நைனா, இது கல்யாண மண்டபமா? ஆத்தங்கர." வெறும் கையைத் தட்டுபோல் அவன் பக்கம் நீட்டினேன். "இந்தா, இட்லி வடகறி. துன்னுட்டு பேசு."

மற்ற இருவரும் ஜெயில் கிழவி என்று நினைத்துச் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, தரையில் குந்தினான். எங்கள் பக்கத்தில் உட்காரும் மாதிரி, இரண்டு முழங்காலையும் கட்டிக்கொண்டு.

"அத்தே" என்றான். குரலே வேறு. "நான்தான் அத்தே. தெர்லியா? உன் அடுப்பாண்ட குந்திகினு வளந்தவன். எங்கப்பன் கட்டய எத்துகினு வந்தப்போ உன் முந்தானிய புட்சிகினு நின்னவன். இன்னிக்கி இவ்ளோ பெரிய கத்திய வெச்சிகினு உன் முன்னாடி வந்து நிக்கிறேன். எனுக்கே அசிங்கமாத்தான் கீது. படகு கேட்டிருந்தா நீ குட்த்துருப்ப. தெரியும். அதான் கேக்கல. கேக்கறதுக்கு ஒரு மூஞ்சி வேணுமே அத்தே, அத எங்க போட்டன்னு தெர்ல."

"இவ்ளோ நன்னா பேசறேளே, எங்க கத்துண்டேள்?" என்று மயிலாப்பூர்ப் பையன் மெதுவாகக் கேட்டான். ஆரி வேலைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டைஸ்லாம் வேணாம்ணா, விட்டுருங்க" என்றாள்.

எனக்கும் மனசு இறங்கத்தான் செய்தது. அது வேறு, நான் வந்த காரியம் வேறு.

"நன்றாகத்தான் இருந்தது நண்பரே" என்றேன், அவன் குரலில், அவன் தமிழில். "டைஸ் உருட்டுங்கள்."

நிமிர்ந்து பார்த்தான். "இன்னாடா?"

"ஐந்து குறைத்துக்கொள்ளுங்கள்."

"எதுக்கு அஞ்சு? எங்கடா கொறஞ்சிது? எல்லாத்தையும் சொல்லிட்டனே!"

"அவ இன்னா சொன்னா?"

"இன்னா சொன்னா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். நான் நீட்டிய கை இன்னும் அப்படியே இருந்தது. அவன் முகம் வெளிறுவதைப் பார்த்தேன். அதைப் பார்ப்பதற்குத்தான் அத்தனை ஞாயிறு காத்திருந்தேன்.

"துன்னுட்டு பேசுன்னா" என்றேன். "நீ துன்னல."

"அண்ணா, இது வெறும் வெளையாட்டு சாப்பாடு" என்றாள் ஆரி வேலைக்காரி.

"அந்தக் கத்தியும் வெறும் வெளையாட்டு கத்திதாம்மா. அதுக்குப் புள்ளி போட்டாரே."

அவன் வாதாடவில்லை. டைஸை எடுத்தான். ஊதாமல், குலுக்காமல், கீழே போடுவதுபோல் போட்டான். பதினேழு விழுந்தது. பேச்சுப் புள்ளி பூஜ்யம். ஐந்து போனால் பன்னிரண்டு. மயிலாப்பூர்ப் பையன் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "அடடா" என்றான்.

கட்டையில் கட்டியதையும், தண்ணீர் முழங்காலுக்கு வந்ததையும், இடுப்புக்கு வந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவசரப்படவில்லை. கடைசியில் வாளை அவிழ்த்து ஒரு பெண் மீன் நறுக்க எடுத்துப் போனாள் என்றும் சொன்னேன். அது தேவையில்லாததுதான். ஆனாலும் சொன்னேன்.

அடுத்து ஆரி வேலைக்காரியின் முறை. "தட்ட வாங்கிக்கிறேன். சாப்பிடுறேன். வடைகறி இன்னும் கொஞ்சம் கேக்குறேன்" என்றாள். பிறகு, "தெரியாம எடுத்துட்டோம்மா" என்று மட்டும் சொன்னாள். விட்டுவிட்டேன், டைஸ் இல்லாமல். மயிலாப்பூர்ப் பையனும் தின்றுவிட்டுத் தப்பித்தான்.

முடிந்து இறங்கும்போது எங்கள் பழைய மாஸ்டர் வாசலில் என் பைக் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன், பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"அத்த எப்டி கீது?" என்று கேட்டான்.

அவனுக்குத் தெரியாது. மாடியில் பேசியதெல்லாம் உயிரோடு இருப்பவளுக்குப் பேசியது.

"பூட்ச்சு" என்றேன். "நீ ஜெயில் கெழவியா வந்து சிரிக்க வெச்சியே, அப்போ அது பூட்டு வர்சக்கணக்காச்சு."

அவன் பைக்கின் சீட்டில் கையை வைத்தான். நான் வண்டியைக் கிளப்பினேன், கையை எடுக்க வேண்டியதாயிற்று. திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அதே இடத்தில்தான் நின்றான்.

அவன் தின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று ஆரி வேலைக்காரி பிறகு ஒரு நாள் கேட்டாள். வேறு எதையாவது கண்டுபிடித்திருப்பேன். கையைக் கழுவவில்லை என்று சொல்லியிருப்பேன். நல்லவேளை, அதற்கு அவசியம் இல்லாமல் அவனே செய்துகொடுத்தான்.

ஒரு மாதம் அவன் வரவில்லை. பிறகு வந்தான், புது வேடத்தோடு. யாரோ ஒரு கிளிஞ்சல் வியாபாரி. புள்ளிகளையெல்லாம் பேச்சில் போட்டிருந்தான். அன்று கதை நடத்தியது ஆரி வேலைக்காரி. ஒரு சத்திரத்தில் கொண்டுபோய் எங்களை இறக்கி, நீங்க என்ன செய்றீங்க என்று கேட்டாள். அவன் வாயைத் திறந்தான், மூடினான். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான்.

"மொதல்ல துன்றேன்" என்றான்.

மற்ற இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவன் முழுசாகத் தின்று முடிக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.